அம்மாவால் தாண்ட முடியாத கடப்பு: கவுன்சிலுக்கு எழுதிப் பயன் உண்டா?

ஒழுங்கைக்காரன்:
தென் இங்கிலாந்தில் ஒரு சிறு நகரின் ஓரத்தில் இருக்கிறோம். வீட்டுப் பின்பக்கம் மஞ்சள் அம்புக்குறி போட்ட நடைபாதை ஒன்று, இரண்டு வயல்களுக்குக் குறுக்கே ஆற்றுக்குப் போகிறது. வழியில் இரண்டு ஸ்டைல். எங்கள் ஊர் வேலிக் கடப்பு மாதிரித்தான், மிதிபலகையில் ஏறித் தாண்ட வேண்டும். ஒன்றில் மிதிபலகை ஆடுகிறது. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் ஆபரேஷன் செய்தவர். இரண்டு தரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். இப்போது கவுண்டி கவுன்சில் பொதுவழி மேம்பாட்டுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கிறது. எழுதினால் ஏதும் நடக்குமா?

பழைய சப்பாத்து:
எழுதுங்கள். 2000ஆம் ஆண்டு நாட்டுப்புற, பொதுவழிச் சட்டத்தின் (Countryside and Rights of Way Act) 60ஆம் பிரிவுப்படி கவுன்சில் இந்தத் திட்டத்தைப் போட்டே ஆகவேண்டும், 10 வருடத்துக்குள் மீளாய்வும் செய்யவேண்டும். பார்வை குறைந்தவர்கள், நடக்கச் சிரமப்படுபவர்கள் இந்தப் பாதைகளில் போகமுடிகிறதா என்று பார்ப்பதும் அதில் கட்டாயம். அம்மாவின் முழங்கால் நேரே அதற்குள் வருகிறது. ஆனால் 'பாதை மோசம்' என்று மட்டும் எழுதாதீர்கள். பாதை எண், வரைபடக் குறியீடு, படம் எல்லாம் வையுங்கள். ஸ்டைலை எடுத்துவிட்டு வெறும் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஆடுமாடு நின்றால் கேட். ஆடுகிற பலகைக்குத் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே புகார் செய்யுங்கள். அதைத் திருத்துவது நிலக்காரர் பொறுப்பு, செலவில் காற்பங்காவது கவுன்சில் கொடுக்கவேண்டும்.

நடைப்பிரியை:
எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை அண்ணா. எங்கள் பக்கத்துத் திட்டம் வழவழப்பான தாளில் வடிவாக இருக்கிறது. போடச் சொல்கிற சட்டம், அதில் உள்ளதைச் செய்து முடிக்கச் சொல்லவில்லையே. நல்ல நிலையில் உள்ள ஸ்டைலை கேட்டாக மாற்ற நிலக்காரர் சம்மதமும் வேண்டும். எங்களுக்குப் பாரிஷ் கவுன்சில்தான், அதாவது ஊர்மட்டச் சபைதான், கைகொடுத்தது. அவர்களே விவசாயியோடு கதைத்து, கேட்டுக்குக் காசும் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் இழுத்தது, அது வேறு கதை.

ஒழுங்கைக்காரன்:
இருவருக்கும் நன்றி. நேற்று டேப்போடு போய் அளந்தேன். முதல் மிதிபலகையே தரையிலிருந்து 40 சென்டிமீட்டர். முதல் வயலில் செம்மறிகள், அங்கே கேட் கேட்கிறேன். மற்றது கோதுமை வயல், இரண்டு பக்கமும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மாடுமில்லை, ஆடுமில்லை. பிறகு ஆரை மறிக்கத் தம்பி இந்தக் கடப்பு?" என்றார். அதை அப்படியே மொழிபெயர்த்துப் படிவத்தில் போட்டுவிட்டேன். பாரிஷ் கவுன்சிலுக்கும் ஒரு பிரதி போகிறது.