பழைய இரும்புச் சைக்கிளுக்கு அலுமினிய ரிம் மாட்டினால் குற்றமா?

கெலுகோர்க்காரன்
போன ஞாயிறு காலை பினாங்கில் தெலுக் பஹாங் அணையைக் கடந்து பாலிக் பூலாவ் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் அளவுக்கு வெறும் வழுக்கல்தான். பிறகே மெல்லப் பற்றியது. எதிரில் டுரியான் ஏற்றிய வேன். புல்லில் இறங்கித் தப்பித்தேன். கடையில் உட்கார்ந்து லக்சா நூடுல்ஸ் தட்டு வந்த பிறகும் கரண்டி கையில் ஆடியது.

சைக்கிள், ரெனால்ட்ஸ் 531 என்ற ஸ்டீல் குழாயில் செய்த பழைய பந்தய வண்டி. லோரோங் கூலிட் சந்தையில் 14 ஆண்டுகளுக்கு முன்பு 280 மலேசிய வெள்ளிக்கு வாங்கினேன். ரிம்கள் குரோம் பூசிய இரும்பு, 27 அங்குலம். அவற்றைக் கழற்றிவிட்டு 700சி என்ற சற்றுச் சிறிய அளவில் அலுமினிய ரிம் மாட்டப்போகிறேன். கூடவே பின்பக்கம் எட்டு கியரும் வைக்கலாம் என்று ஆசை. யாருக்காவது மறுப்பு உண்டா?

பட்டர்வொர்த் பித்தன்
மறுப்பு உண்டு, தம்பி. இத்தனை ஆண்டு கடல் காற்றில் பிழைத்து வந்த வண்டியை இப்போது ஏன் அறுவைச் சிகிச்சைக்கு அனுப்புகிறீர்கள்? ரிம் போனால் அடுத்து கியர் போகும், அதற்கடுத்து ஹேண்டில்பார். கடைசியில் ஸ்டிக்கர் மட்டும்தான் பழையதாக மிஞ்சும். இத்தாலியில் 1997 முதல் எரோயிகா என்று ஒரு சவாரி நடத்துகிறார்கள். 1987க்கு முந்தைய வண்டி, ஃபிரேமின் கீழ்க்குழாயில் கியர் நெம்புகோல் என்று விதி வைத்தே ஓட்டுகிறார்கள். அங்கே போய் எட்டு கியர் கேளுங்கள் பார்ப்போம்.

மழையில் மெதுவாக ஓட்டுங்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் ஓட்டினோம்.

கார்பன் மாணவன்
ஐயா சொல்வதும் சரியில்லை, ரிம் மாற்றுவதும் சரியில்லை. விற்றுவிடுங்கள். அந்த விலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் போட்டால் டிஸ்க் பிரேக் வைத்த வண்டி கிடைக்கும். ஈர ரிம்மைப் பற்றிய பேச்சே எழாது. பழைய ஸ்டீல் மென்மையாக ஓடும் என்று வேறு கதை சொல்வார்கள். மென்மையைத் தருவது டயரும் அதன் காற்றும்தான், குழாய் இல்லை.

கிரீஸ் கை
டயர் விஷயத்தில் மாணவன் சொல்வது உண்மை. மழையில் டிஸ்க் மேல் என்பதும் உண்மை. ஆனால் வண்டி கனம் என்று அடுத்து சொல்வீர்கள், அதற்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறேன். ஓட்டுபவர் 72 கிலோ, பழைய வண்டி 10.5, புதியது 8. மொத்தத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 3 விழுக்காடு. 20 நிமிட ஏற்றத்தில் அது 36 விநாடி. நான் அதைவிட அதிக நேரம் அணைக்கட்டில் குரங்கு பார்த்தே கழிக்கிறேன்.

பித்தன் ஐயா, குரோம் ரிம் நனைந்தால் பிரேக்கின் சாதாரண ரப்பர் கட்டை கண்ணாடியில் வைத்த சோப்பு போலத்தான். அந்தக் காலத்திலேயே அதற்காகத் தோல் பதித்த கட்டை விற்றார்கள். எல்லாரும் மெதுவாக ஓட்டியிருந்தால் அது எதற்கு?

கெலுகோர் அண்ணா, ஒரு வேலை செய்யுங்கள். பிரேக் கையில் கட்டை ஏறி இறங்கும் துளை இருக்கிறதே, இப்போது கட்டை அதில் எங்கே நிற்கிறது? சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உச்சிக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா?

கெலுகோர்க்காரன்
இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டை துளையின் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. யாரோ அரம் போட்டு இன்னும் கொஞ்சம் மேலே தேய்த்திருக்கிறார்கள், உலோகம் பளபளக்கிறது. விரல் நுழையவில்லை. தபால் அட்டை நுழைகிறது.

கிரீஸ் கை
நினைத்தேன். 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர், 700சியில் 622. ஆரத்தில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். 27க்கென்று செய்த ஃபிரேமாக இருந்தால் இடம் தாராளமாக இருந்திருக்கும், அரத்துக்கு வேலை வந்திருக்காது. பெரும்பாலும் உங்கள் ஃபிரேம் 700சிக்காகப் பிறந்தது. இரும்புச் சக்கரம் பிற்பாடு எவரோ கையில் கிடைத்ததை மாட்டியது.

பட்டர்வொர்த் பித்தன்
அப்படியானால் ரிம்மை விட்டுக்கொடுக்கிறேன். ரிம்மை மட்டும்! எட்டு கியருக்காகப் பின் ஃபோர்க்கை அகட்டுவார்களே, அதற்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்சக்கரம் உட்காரும் 126 மில்லிமீட்டர் இடைவெளியை 130 ஆக்குவது எலும்பை வளைப்பது.

கிரீஸ் கை
ஸ்டீலில் அது முடியும், ஐயா, பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர்தான். கார்பனிலோ அலுமினியத்திலோ நினைத்தும் பார்க்கக் கூடாது. அகட்டிய பிறகு ஒரு நூலைப் பின்சக்கரம் உட்காரும் ஒரு பள்ளத்தில் கட்டி, முன்னே ஹேண்டில்பார் நிற்கும் ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு பள்ளத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் நேராக இருக்கிறது என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் வளைந்துவிடும், அதுதான் பலரும் செய்யும் பிழை.

ஆனால் இதை விடப் பெரிய கவலை எனக்கு வேறு. அண்ணா, சீட்டைத் தாங்கும் தண்டை, அதாவது சீட் போஸ்ட்டைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள்?

கெலுகோர்க்காரன்
வாங்கிய அன்று உயரம் சரி செய்தேன்.

கிரீஸ் கை
14 ஆண்டு! அலுமினியப் போஸ்ட், இரும்புக் குழாய், வியர்வை, கடற்கரைக் காற்று. இரண்டும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். எட்டு கியரை மறந்துவிட்டு முதலில் அதை அசையுங்கள். அசையாவிட்டால் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுதும் வையுங்கள். கடைசிப் போக்கிடம் காஸ்டிக் சோடா. அது அலுமினியத்தைக் கரைக்கும், ஸ்டீலைத் தொடாது. ஆனால் கையையும் கண்ணையும் தின்னும், பெயின்ட்டையும் விடாது. அனுபவம் இல்லாமல் வேண்டாம்.

போஸ்ட் வந்ததும் வண்டியைச் சாய்த்துப் பாருங்கள். பெடல் அச்சு உட்காரும் கூட்டுக்குள்தான் மழைநீர் தேங்கும், துரு முதலில் அங்கேதான்.

கார்பன் மாணவன்
பாருங்கள், ஒரு ஞாயிற்றுச் சவாரிக்காக எண்ணெய், நூல், அமிலம் வரை போய்விட்டீர்கள்.

கிரீஸ் கை
அமிலம் இல்லை, தம்பி, காரம். பள்ளிப் பாடம்தான்.

கெலுகோர்க்காரன்
அசைந்துவிட்டது! இரண்டு பேர் சேர்ந்து சுற்றினோம், ஒரு கீச்சுச் சத்தம், பிறகு தானாக வந்தது. உள்ளே காவித் தூள் ஒரு தேக்கரண்டி கொட்டியது. குழாயில் ஓட்டை இல்லை. ரிம் சனிக்கிழமை மாற்றுகிறேன். எட்டு கியரைத் தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த் பித்தன்
நல்லது. தம்பி, அந்த இரும்பு ரிம்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஃபெரியில் வந்து நானே எடுத்துக்கொள்கிறேன்.