உரிமம் தொலைந்துவிட்டது, எண்ணைக் கொடுத்தால் ‘விவரம் இல்லை’ என்று வருகிறது

வேளச்சேரிவாசி:
தி.நகர் ரங்கநாதன் தெரு நெரிசலில் மணிபர்ஸ் எங்கோ விழுந்துவிட்டது. ஓட்டுநர் உரிமமும் அதற்குள்தான் இருந்தது. 2008-இல் மதுரையில் எடுத்தது. ஜெராக்ஸ் மட்டும் வீட்டில் இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்கான அரசின் சாரதி இணையதளத்தில் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் ‘விவரம் இல்லை’ என்று வருகிறது. ஆவணங்களைக் கைப்பேசியில் காட்டும் அரசுச் செயலியான டிஜிலாக்கரும் கைவிரித்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், மதுரைக்குப் போயே ஆக வேண்டும் என்கிறார் ஒரு தரகர். அவர் கேட்கும் தொகைக்கு மதுரைக்குக் குடும்பத்தோடு போய் வரலாம். உண்மையா?

பழைய புல்லட்:
விழுந்துதான் போனது என்றால் எஃப்.ஐ.ஆர். எதற்கு? தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தொலைந்த ஆவண அறிக்கை என்று ஒன்று உண்டு. விவரங்களை நிரப்பி நீங்களே பதிவிறக்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. யாராவது பிடுங்கியோ உருவியோ இருந்தால் மட்டும் இது செல்லாது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். திருட்டைத் தொலைந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

மயிலை மாமி:
தம்பி, ஜெராக்ஸில் எண் எப்படி இருக்கிறது? சாய்கோடு போட்டு, கடைசியில் ஆண்டு வருகிறதா?

வேளச்சேரிவாசி:
ஆமாம் மாமி. ஆண்டுக்கு முன்னால் நான்கு இலக்கம்தான் இருக்கிறது.

மயிலை மாமி:
சிக்கல் அதில்தான். இப்போதைய எண் மொத்தம் 15 எழுத்து. மதுரை தெற்கு அலுவலகம் என்றால் முதலில் அதன் குறியீடான டிஎன் 58, அடுத்து 2008, அதன்பின் ஏழு இலக்கம். உங்கள் நான்கு இலக்கத்துக்கு முன்னால் மூன்று பூஜ்யம் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் பழைய பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றாமல் விட்டிருப்பார்கள். அப்படியானால் உரிமம் கொடுத்த அலுவலகம்தான் ஏற்றித் தர வேண்டும். தரகர் சொன்னதில் பாதி உண்மையாகிவிடும்.

வேளச்சேரிவாசி:
பூஜ்யம் சேர்த்ததும் என் பெயர் வந்துவிட்டது! இனி ஜெராக்ஸை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாமா?

பழைய புல்லட்:
ஜெராக்ஸும் உதவாது, கைப்பேசியில் எடுத்த படமும் உதவாது. பதிவு கிடைத்துவிட்டதால் டிஜிலாக்கரில் மறுபடி முயலுங்கள். அதிலோ எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியிலோ காட்டும் உரிமம் செல்லும். 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளையே அதற்காகத் திருத்தினார்கள்.

மயிலை மாமி:
ஒன்று விட்டுப்போயிற்று. தொலைந்ததற்குப் பதிலாக விண்ணப்பித்து வாங்கும் உரிம அட்டை விரைவு அஞ்சலில்தான் வரும், அதுவும் பதிவில் உள்ள முகவரிக்கு. நீங்கள் மதுரை முகவரியை மாற்றவில்லை என்றால், அங்கே பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அந்த மாற்று உரிமத்தோடு (டூப்ளிகேட்) முகவரி மாற்றத்தையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். சென்னை அலுவலகத்திலேயே முடியும். காலாவதித் தேதி பழையதுதான் இருக்கும், புதிதாக 20 ஆண்டு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

அம்பத்தூர் மாணவன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தொலைந்துவிட்டது. இதே வழிதானா?

பழைய புல்லட்:
அவ்வளவு பாடு வேண்டாம். சாரதியில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து மறுபடி அச்சிட்டுக்கொள்ளுங்கள்.