தினம் 5 கி.மீ. நடந்தும் தொப்பை அப்படியே: நடையைக் கூட்டவா, சோற்றைக் குறைக்கவா?

வெண்ணாற்றங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 43, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. தஞ்சாவூர்ல புது ஆத்துக் கரையில மூணு மாசமா தினம் காலை 5 கி.மீ. நடை, 55 நிமிஷம் ஆகுது. எடை ஒரு கிலோதான் இறங்கியிருக்கு, பெல்ட் அதே ஓட்டையில நிக்குது. சாப்பாட்டை மாத்தலை. காலையில 4 இட்லி, மதியம் சோறு, சாம்பார், ரசம், மோர், ஒரு வறுவல், ராத்திரி 3 தோசை. நடை முடிஞ்சதும் கடையில ஒரு காபி, ஒரு மெதுவடை. உட்கார்ந்து பார்க்கிற வேலை. சர்க்கரை, ரத்த அழுத்தம் கிடையாது. நடையை 10 கி.மீ. ஆக்கணுமா, சாப்பாட்டுல கைவைக்கணுமா? கைவைக்கணும்னா எங்கே, எவ்வளவு?

அரசலாறு:
சாப்பாட்டில்தான். கணக்கைப் பாருங்கள்.

84 கிலோ உடம்பு 5 கி.மீ. நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்துவிட்டு, மிச்சம் 230 முதல் 250 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட 150 மி.லி. காபி 105 கலோரி வரும். எண்ணெய் குடித்த 50 கிராம் மெதுவடை 130, 140. கரையில் கரைத்தது கடை வாசலிலேயே திரும்பி வந்துவிடுகிறது. ஒரு கிலோ உடல்கொழுப்பு போக ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். தினம் 500 என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். நீங்கள் வைக்க வேண்டிய இலக்கு அதுதான், அதற்கு மேல் வேண்டாம்.

நடையை 10 கி.மீ. ஆக்கினால் இன்னொரு மணி நேரம் போகும், பசியும் கூடும். உடம்பு வேறொன்றும் செய்கிறது. காலையில் அதிகம் செலவழித்தால் மீதி நேரத்தில் அசைவைக் குறைத்துக்கொள்ளும். தான்சானியாவின் ஹட்சா வேட்டைக் குடிகளை மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழு ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டது. அத்தனை நடந்தும், உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அவர்களுடைய ஒரு நாள் மொத்தச் செலவு மேலைநாட்டு நகரவாசிகளுக்குச் சமமாகத்தான் இருந்தது. கூட்டிய நடை முழுசாகக் கொழுப்பில் கழியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி சோறு. நம் பக்கத்துச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு விழுகிறது. ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம்தான்". கூட்டினால் 450 கிராம் சாதாரணமாக வந்துவிடும். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, ஆக 585. சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். காலித் தட்டை வைத்துச் சுழியம் ஆக்கி, மொத்தச் சோற்றையும், 270 கிராம், முதலிலேயே தட்டில் எடுத்துவிடுங்கள். சாம்பாருக்கு 110, ரசத்துக்கு 80, மோருக்கு 80 என்று தட்டிலேயே பிரித்துக்கொள்ளலாம். மூன்றும் இருக்கும், ஆனால் சட்டி மேசைக்கு வரக்கூடாது. இதில் மட்டும் 230 கலோரி மிச்சம். காலியான இடத்தை வாழைத்தண்டுக் கூட்டு, கீரை, சுரைக்காய் 200 கிராமாவது நிரப்ப வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சோற்றைக் குறைத்துவிட்டு உருளைக்கிழங்கு வறுவலைக் கூட்டினால் மிச்சம் பிடித்தது எண்ணெயில் போய்விடும்.

இன்னொரு தவறு, ராத்திரி சாப்பாட்டையே விட்டுவிடுவது. ஒன்பது மணிக்குப் பசி தாங்காமல் மிக்சர் டப்பா திறக்கும். 50 கிராம் மிக்சர் 250 கலோரிக்கு மேல், இரண்டு பிடியில் முடிந்துவிடும்.

குடமுருட்டி:
மேலே சொன்னது சரி. எண்ணெயை மட்டும் தனியா சொல்றேன், ஏன்னா யாரும் அதை எழுதி வைக்கிறதில்லை. தட்டுல தெரியாது. மாசத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்குறீங்கன்னு பாருங்க, அதுதான் நேர்மையான கணக்கு.

வீட்ல நாலு பேர், மாசம் 5 லிட்டர்னு வைங்க. ஆளுக்குத் தினம் 38 கிராம், 340 கலோரிக்கு மேல. அதையே 3 லிட்டர் ஆக்கினா 23 கிராம், 207 கலோரி. ஆளுக்குத் தினம் 130 கலோரிக்கு மேல மிச்சம், சாப்பாட்டு அளவே குறையலை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், செக்கு எண்ணெய், எதுவா இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான். செக்குல ஆட்டினதுன்னு கூட ஊத்துறதுல அர்த்தம் இல்லை.

செய்யற விதம்: ஒண்ணாம் தேதி 3 லிட்டரைத் தனிக் கேனில் ஊத்தி வைங்க, அது முடிஞ்சா மாசம் முடியணும். தாளிக்கக் கரண்டியைச் சாய்க்காம 5 மி.லி. ஸ்பூனால அளந்து விடுங்க. தோசைக்கு ஓரத்துல விடறதுக்குப் பதிலா, பாதி வெங்காயத்தை எண்ணெயில தொட்டுக் கல்லுல தேய்ங்க. கல் நல்லாக் காய்ஞ்சிருக்கணும், இல்லேன்னா ஒட்டும், அப்புறம் "எண்ணெய் பத்தலை"ன்னு பழைய பழக்கம் திரும்பிடும். மத்தி, சங்கரா வாங்கினா குழம்பு வைங்க, பொரியலை வாரத்துல ஒரு நாள் வைச்சுக்கலாம்.

கொள்ளிடம்:
சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால், இறங்குவதில் கால்வாசி அளவு தசையும் கொழுப்பல்லாத திசுவுமாகப் போகலாம். உடற்பயிற்சிக்கு வேலை வருவது இங்கேதான். தராசு முள்ளை அது பெரிதாக அசைக்காது, ஆனால் போவது கொழுப்பா தசையா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எடை குறையாவிட்டாலும்கூட, குடலைச் சுற்றியிருக்கும் உள்கொழுப்பு பயிற்சியால் குறைகிறது. அதனால் அந்த 5 கி.மீ. வீண் இல்லை, விடாதீர்கள். எடை இறங்கிய பிறகு ஏறாமல் காப்பதிலும் நடைக்குப் பங்கு அதிகம்.

நடையோடு வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 25 நிமிடம் தசைப் பயிற்சி சேருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் அல்லது திண்ணை விளிம்பில் கைகளை ஊன்றித் தள்ளுவது, 5 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி முன்னே குனிந்து இடுப்புவரை இழுப்பது. ஒவ்வொன்றும் 10 முதல் 12 தடவை, மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்கிற கட்டத்தில் நிறுத்துங்கள். 12 எளிதாகிவிட்டால் உயரம் குறைந்த நாற்காலி, கனமான கேன் என்று மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் அதே எடையைத் தூக்கினால் தசைக்கு வேலை இல்லை. வயிற்றுக்கு மட்டும் நூறு தடவை எழுந்து படுப்பது வயிற்றுக் கொழுப்பைத் தனியாகக் கரைக்காது. கொழுப்பு எங்கிருந்து போகும் என்பதை உடம்புதான் முடிவு செய்யும்.

புரதம் இல்லாமல் இது நிற்காது. உங்களுக்கு ஒரு நாளைக்கு 80 கிராமுக்கு மேல் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம், மீன் 150 கிராமில் 28, பருப்பு 60 கிராமில் (வேகாதது) 13, தயிர் 250 கிராமில் 8, கொண்டைக்கடலை 50 கிராமில் (ஊறாதது, சுண்டலாக) 10, அரிசி, இட்லி, பாலில் ஒரு 15. சைவம் என்றால் மீனுக்கும் முட்டைக்கும் பதில் பன்னீர் 100 கிராம், சோயா உருண்டை 40 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

வெண்ணாற்றங்கரை:
ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனிக்கு மாறினா அளவு பார்க்க வேண்டியதில்லைன்னு சொல்றாங்களே? அப்புறம், அம்மாவுக்குச் சர்க்கரை, கிளிமிபிரைடு மாத்திரை போடுறாங்க. ஒரே சமையல்தான். அவங்களுக்கும் இதே அளவு வைக்கலாமா?

அரசலாறு:
அரிசி எந்த ரகமானாலும் வேகாத 100 கிராமுக்கு 350 கலோரிக்கு அக்கம்பக்கம்தான். பொன்னியும் அப்படியே, கவுனியும் அப்படியே. பட்டை தீட்டாத அரிசியில் நார் இருக்கிறது, மென்று சாப்பிட வேண்டியிருக்கிறது, சீக்கிரம் வயிறு நிறையும். அந்த நன்மை உண்மை. ஆனால் தராசைப் பரணில் போட அது காரணம் ஆகாது. ரகம் மாற்றினால் அரிசியை வேகவைப்பதற்கு முன்பே தராசில் எடை போடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு ரகமும் தண்ணீர் இழுக்கும் அளவு வேறு.

முதல் வாரம் ஒன்றரை கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம். தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்து, தன்னைப் போல் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுதான் போகிறது. ஒரு கல்யாண விருந்து முடிந்து மறுநாள் ஒரு கிலோ ஏறினாலும் பெரும்பகுதி உப்பும் தண்ணீரும்தான். தினம் காலை ஒரே நேரத்தில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். இடுப்பைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு அளக்கவும். நம் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழே வர வேண்டும். மூன்று வாரச் சராசரி அசையவில்லை என்றால் சோற்றில் இன்னும் 50 கிராம் எடுங்கள்.

கொள்ளிடம்:
அம்மாவுக்கு இதே அளவை நீங்களாக வைத்துவிடாதீர்கள். கிளிமிபிரைடு, சாப்பாடு குறைந்தாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும், சர்க்கரை தாழ்ந்துவிடும். முதலில் மருத்துவரிடம் போய், சோறு இவ்வளவு குறையப் போகிறது என்று கிராமோடு சொல்லி, மாத்திரை அளவை மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதேதான். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே அதில் அளந்து பாருங்கள். சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.