திரை அணைந்ததும் வேன் வரைபடத்தில் நின்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, கடலூர்–புதுச்சேரி சாலையில் போகும் பள்ளி வேனைப் பெற்றோர் நேரலையில் பார்க்க ஃப்ளட்டரில் (செயலி உருவாக்கும் கருவித்தொகுப்பு) ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறேன். ஓட்டுநரின் போன் ஆண்ட்ராய்டு 14.

திரை எரியும்வரை எல்லாம் சரி. மஞ்சக்குப்பத்தில் கிளம்பி, திரை அணைந்த சில நிமிடங்களில் புள்ளி ரெட்டிச்சாவடி பக்கம் நின்றுவிடுகிறது. அரியாங்குப்பத்தில் போனைத் திறந்ததும் அங்கே தாவுகிறது. நடுவில் வயல்களைக் கடந்து ஒரு நேர்கோடு. பிள்ளை எங்கே என்று பார்க்கிற பெற்றோருக்கு இது பயத்தைத்தான் தரும்.

நெட் காரணமில்லை. போனுக்குள்ளேயே எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதும் பதிவிலும் அதே இடைவெளி, அதாவது ஜிபிஎஸ் புள்ளியே வரவில்லை.

ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (அறிவிப்பைக் காட்டியபடி, திரை அணைந்தாலும் ஓடும் சேவை) ஓடுகிறது. செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் அதன் வகை லொக்கேஷன் என்றே இருக்கிறது. அறிவிப்பும் கடைசிவரை மறையவில்லை. லொக்கேஷன் அனுமதி ‘எப்போதும்’. பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கியாயிற்று, பேட்டரி சேவரும் ஆஃப். புள்ளி எடுக்கும் இடைவெளி 5 விநாடி, தூர வடிகட்டி (இவ்வளவு நகர்ந்தால்தான் புதுப் புள்ளி) 10 மீட்டர். அதை 0 ஆக்கியும் மாற்றமில்லை. போனின் சிபியு தூங்காமலிருக்க வேக்லாக்கும் போட்டாயிற்று. இதே ஏபிகே (செயலியை நிறுவும் கோப்பு) வேறு கம்பெனி போனில், அதே ஆண்ட்ராய்டு 14இல், பிசகாமல் ஓடுகிறது.

சர்வீஸ் உயிரோடு இருக்கும்போதே லொக்கேஷன் மட்டும் நின்றால், போனைத் தொடாமல் அதை மறுபடி ஓடவைக்க எந்த வழி உங்களுக்குப் பலித்தது?