ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் கிட்னியும்: நோயாளிகளிடம் கண்டவை

நெஃப்ராலஜி டாக்டர்:
செல்களைக் கெடுக்கும் ஆக்ஸிஜன் ரேடிக்கல்களை அடக்கும் பொருளைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம்; வைட்டமின் சி அதில் ஒன்று. “கிட்னிக்கு நல்லது” என்று அதன் 1000 மி.கி. மாத்திரையை மாதக்கணக்கில் போடுபவர்கள் ஓ.பி.க்கு நிறைய வருகிறார்கள். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 80 மி.கி.தான், ஒரு பெரிய நெல்லிக்காயே அதற்குத் தாராளம். மிச்சத்தில் ஒரு பங்கு ஆக்ஸலேட்டாக (சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் உப்பு) மாறிச் சிறுநீரில் இறங்கும். நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும், ஆனால் கல் வரும் வாய்ப்பு கூடும். ஸ்வீடனில் ஆண்களிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல் ஏறக்குறைய இரு மடங்கு வந்திருந்தது.

கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) ஏற்கெனவே ஏறியிருந்தால், அதாவது கிட்னி மந்தமாகியிருந்தால், கதை வேறு. ஆக்ஸலேட் வெளியேறாமல் சிறுநீரக நுண்குழாய்களிலேயே படிகமாகப் படிந்து, மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுக்கும். காரணம் தெரியாமல் கிரியாட்டினின் ஏறினால் மாத்திரை டப்பாக்களையும் பழச்சாறு, பொடி வகைகளையும் கையோடு கொண்டுவாருங்கள். கேரளத்தில் பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கெட்டியாகக் குடித்தவர்களுக்கு இதே பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வைட்டமின் சி தினம் 60–100 மி.கி.க்கு மேல் வேண்டாம்.

லேப் டெக்னீஷியன்:
டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வைட்டமின் சி அதிகம் எடுப்பவரின் சிறுநீரை ஸ்ட்ரிப்பில் (நிறம் மாறும் சோதனைப் பட்டை) பார்த்தால், ரத்தமோ சர்க்கரையோ இருந்தும் ‘இல்லை’ என்று காட்டலாம். சாம்பிள் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், ரத்தம் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

கேன்சர் வார்டு மருந்தாளுநர்:
மருந்தால் கெட்ட கிட்னி பற்றி. கேன்சர் மருந்தான சிஸ்பிளாட்டின் கிட்னியின் நுண்குழாய்ச் செல்லுக்குள் புகுந்து சேரும், அங்கே ஆக்ஸிஜன் ரேடிக்கல்கள் பெருகும். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அதே செல்களில்தான் தேங்கும்; பெரும்பாலும் 5–7 நாளுக்குப் பிறகு கிரியாட்டினின் ஏறும், சிறுநீர் அளவு குறையாததால் கண்ணில் படாது. எலிகளுக்கு வைட்டமின் ஈ, என்-அசிட்டைல்சிஸ்டீன் ஆகிய ஆன்டிஆக்ஸிடன்ட்களைக் கொடுத்தால் சேதம் குறைவது உண்மை. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் கிட்னியைக் கெடுக்கும் மருந்துக்கு முன்னாலோ கூடவேயோ கொடுக்கிறார்கள். நம் ஆட்கள் கிரியாட்டினின் ஏறிய பிறகுதான் மாத்திரை தேடுகிறார்கள். முன்கூட்டியே கொடுத்தாலும் மனிதரில் பலன் உறுதியில்லை. ஆஞ்சியோ பரிசோதனையில் ஏற்றும் சாயம் கிட்னியைக் கெடுக்காமலிருக்க என்-அசிட்டைல்சிஸ்டீன் 1200 மி.கி. தினம் இரு வேளை, 5 நாள் கொடுத்துப் பார்த்த ‘ப்ரிசர்வ்’ ஆய்வில் (2018) சுமார் 5,000 பேர் இருந்தார்கள். மருந்தில்லா மாத்திரையைவிட அது எதையும் கூடுதலாகக் காப்பாற்றவில்லை.

சிஸ்பிளாட்டினுக்கு உண்மையில் உதவுவது சலைன், வழக்கமாக 2–4 லிட்டர், அதோடு மக்னீசியம் 8–16 மில்லிஈக்விவலென்ட். மக்னீசியத்தைத் தவறவிட்டால் பாதிப்பு கூடும். ஜென்டாமைசினில் அடுத்த டோஸுக்கு முன் ரத்த அளவு பார்ப்பது, தேவை முடிந்ததும் நிறுத்துவது. இரண்டிலுமே டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கூடாது.

கீமோ நடக்கும்போது அதிக டோஸ் ஆன்டிஆக்ஸிடன்ட்டைத் தானாக ஆரம்பிக்காதீர்கள். மருந்து கட்டியைத் தாக்கும் வழிகளில் ஒன்றும் இந்த ரேடிக்கல்கள்தான். கிட்னியைக் காக்கப்போய்க் கட்டியையும் காத்துவிடுமோ என்ற கவலை எங்களுக்கு உண்டு.