‘சொற்பூட்டு’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி நிரல்களைத் தமிழாக்கும்போது, பென் டிரைவில் இருக்கும் கோப்புக்கு பாஸ்வேர்டு போடுவதை ‘கடவுச்சொல் பாதுகாப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடல்களில் பலரும் எழுதியிருந்தீர்கள். கடவுச்சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. பாஸ்வேர்டுக்கு மறைச்சொல், நுழைசொல் எல்லாம் வந்து பார்த்தன. கடவுச்சீட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு கடவுச்சொல் நின்றுவிட்டது. இனி அதை அசைக்க வேண்டாம். என் தகராறு பின்னால் ஒட்டியிருக்கும் ‘பாதுகாப்பு’ மேல்தான்.

ஒருமுறை என் கணக்குக் கோப்புகள் சிலவற்றை ஸிப் செய்து (ஒரே பொதியாகச் சுருக்கிக் கட்டி), பாஸ்வேர்டு போட்டு, பென் டிரைவில் நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். பாஸ்வேர்டை அப்புறம் சொல்வதாக ஏற்பாடு. வீடு வந்து சேர்வதற்குள் அவரிடமிருந்து செய்தி: “வீட்டுக்கடன் பாக்கி, இறுதிப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் எனக்கா?” கோப்பு எதுவும் திறக்கவில்லை, பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்திருக்கின்றன. ஸிப் வழக்கமாக உள்ளடக்கத்தைத்தான் மறைக்கும், பெயர்ப் பட்டியலைத் தொடாது. செவன்-ஸிப் என்ற சுருக்கும் நிரலின் சொந்த வடிவத்தில் பெயர்களையும் மறைக்கலாம், ஆனால் அதற்குத் தனியாக ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். நான் அடிக்கவில்லை.

இதைவிட மோசம், கோப்புறையை ஒளித்துவைத்துவிட்டு பாஸ்வேர்டு கேட்கும் சின்னச் சின்ன நிரல்கள். அதே பென் டிரைவை விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் செருகினால், ஒளித்த கோப்புறை பாஸ்வேர்டு கேட்காமலே எதிரே வந்து நிற்கும். விண்டோஸ் 7-இல் வந்த பிட்லாக்கர் டு கோ, வெராகிரிப்ட், லினக்ஸின் லக்ஸ் ஆகிய வட்டுப் பாதுகாப்பு வசதிகள் வேறு சாதி. அவற்றில் வட்டில் எழுதப்படும் தரவே உருமாறிக் கிடக்கும். எந்தக் கணினியில் செருகினாலும் சாவி இல்லாதவருக்கு அது வெறும் இரைச்சல்.

இந்த மூன்றையும் ஒரே ‘கடவுச்சொல் பாதுகாப்பு’ என்று எழுதினால் படிப்பவர் மூன்றையும் ஒன்றாகத்தான் நம்புவார். ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? பாஸ்வேர்டு கேட்டு வழிமறிப்பது ‘சொற்பூட்டு’. தரவையே உருமாற்றுவது ‘மறையாக்கம்’. இப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. மறையாக்கத்துக்கு ‘குறியாக்கம்’ வேண்டாம். கணினியில் தமிழ் எழுத்துகள் திஸ்கி என்ற பழைய முறையிலிருந்து யூனிகோடுக்கு மாறிய நாட்களிலேயே அந்தச் சொல்லை எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் வேலைக்குப் பட்டா போட்டாகிவிட்டது.

வெறும் ‘பூட்டு’ போதாதா என்று கேட்கலாம். போதாது. வேறொரு நிரல் கோப்பைப் பிடித்து வைத்திருந்தாலும் ‘கோப்பு பூட்டப்பட்டுள்ளது’ என்றுதான் கணினி சொல்கிறது. இன்னொரு வம்பும் உண்டு. பெரிய எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் நகத்தால் தள்ளும் குட்டித் தாழ்ப்பாள் ஒன்று இருக்கும், பக்கத்தில் ‘லாக்’ என்று அச்சிட்டிருக்கும். அதைக் கீழே தள்ளினால் கார்டில் புதிதாக எழுத முடியாது, அழிக்க முடியாது. படிக்க யாருக்கும் தடையில்லை! அதைப் பூட்டு என்று மொழிபெயர்த்தால் பொய். ‘எழுதுதடை’ என்றால் நடப்பதைச் சொன்னதாகும்.

அடுத்து, ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ்’ என்பதற்கு எழுதும் ‘நீக்கத்தக்க சேமிப்பகம்’. கழற்றி எடுக்கக்கூடிய வட்டு என்றுதான் சொல்ல வந்தோம். ஆனால் கணினித் தமிழில் ‘நீக்கு’ என்றாலே அழித்தல்தானே. அழிக்கத்தக்க வட்டு என்று படித்துவிட்டு ஒருவர் பதறினால் அவர் மேல் தப்பில்லை. ‘கழற்று சேமிப்பகம்’ எப்படி? வினைத்தொகை, அதனால் நடுவில் ச் மிகாது. ‘கையடக்கச் சேமிப்பகம்’ அழகுதான், ஆனால் மேசையில் தனி மின்சாரம் கேட்டு உட்கார்ந்திருக்கும் வெளி ஹார்டு டிஸ்கைக் கையில் எப்படி அடக்குவது? பென் டிரைவுக்கு ‘விரலி’ ஏற்கெனவே ஓடுகிறது, ஓடட்டும்.

கடைசியாக, சாவி. பாஸ்வேர்டு மறந்துபோனால் திறக்க பிட்லாக்கர் தரும் 48 இலக்க எண்ணுக்கு ‘மீட்பு விசை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விசை என்றதும் விசைப்பலகையில் எதை அழுத்துவது என்று கை தேடும். திறவுகோல் தூய சொல், ஆனால் பொத்தானுக்குள் அடங்காது. சாவி போர்ச்சுகீசியத்திலிருந்து வந்ததுதான். வந்து நூற்றாண்டுகள் ஆயின, எல்லார் இடுப்பிலும் தொங்குகிறது. ‘மீட்புச் சாவி’க்கே என் ஓட்டு.

‘அன்லாக்’ பொத்தானுக்கு மட்டும் எனக்கு இன்னும் ஒன்றும் சரியாக வரவில்லை. ‘பூட்டுநீக்கு’ என்றால் மறுபடி அந்த நீக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘திற’ என்றால் கோப்பைத் திறப்பதோடு மோதுகிறது. ‘பூட்டைத் திற’ என்று நீட்டி எழுதலாமா? பொத்தானின் அகலம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.