திடீரெண்டு ஆள் வந்தா என்ன சமைப்பீங்க? உங்கட கதயையும் சொல்லுங்க

கல்லடிப் பொண்ணு
போன வருசம் நடந்தது, இன்னும் மனசுக்குள்ள கெடக்கு. இவர்ர மாமா கொழும்பு ராத்திரி ரெயின்ல வந்து விடிய வெள்ளன கேற்றடில நிக்கிறாரு, ஃபோன் கீன் ஒண்டும் இல்ல. வீட்ட பாண் இல்ல, முட்ட இல்ல, பாதித் தேங்காயும் கோதும மாவும்தான். வேறென்ன, ரொட்டியும் கட்டச் சம்பலும். தேங்காப்பூ, வெங்காயம், பச்ச மிளகா, உப்பு போட்டு சுடுதண்ணில குழைச்சு தட்டி தாச்சில போட்டுட்டு, அது வேகுற நேரத்துல செத்தல் மிளகாயும் மாசிக் கருவாடும் இடிச்சி தேசிக்கா புளிஞ்சன், அரை மணித்தியாலம் கூட ஆகல்ல. மனுசன் பேசாம மூண்ட சாப்பிட்டாரு. நான் பிளேன்டி கொண்டு வாறன், நாலாவது ரொட்டிய பேப்பர்ல வெச்சி கடிதம் மடிக்கிற மாதிரி நாலு மூலையும் மடிச்சி பேக்குக்குள்ள வைக்காரு. என்னக் கண்டுட்டாரு. களவெடுத்த சின்னப்புள்ள மாதிரி ஒரு பார்வ. நான் தேத்தண்ணிய வெச்சிட்டு "மழ வரும் போல மாமா" எண்டன். மழையும் இல்ல ஒண்டும் இல்ல.

பாண்டிருப்புத் தம்பி
அக்கா உங்களுக்கு தாச்சியாவது இரிந்திச்சு. நான் அம்பாறை டவுன்ல போடிங்ல இரிக்கக்குள்ள ஒரு ரைஸ் குக்கர்தான், அதுவும் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சி, ரூமுக்குள்ள சமைக்கக் கூடாதெண்டு வீட்டுக்கார சிங்கள அம்மா கண்டிப்பா சொல்லியிரிந்தாங்க. அரிசி, ஒரு கை மைசூர் பருப்பு, மஞ்சள், வெங்காயம், மேல ஒரு செமன் மீன் டின்ன உடைச்சிப் போட்டு மூடினா சரி. ஒருநாள் வாசம் போய் அம்மா கதவத் தட்டிட்டாங்க. உள்ள வந்து மூடியத் தூக்கிப் பாத்தாங்க, பேசாமப் போனாங்க. நான் சாமான் கட்டோணும் எண்டு நினைக்கன், கிறுகி வாறாங்க கையில ஒரு சோசர் தேசிக்கா ஊறுகாயோட. வெச்சிட்டுப் போயிட்டாங்க. அடுத்த மாசம் கரண்டுக்கு 500 ரூவா கூடக் கேட்டாங்க, அது வேற கத.

குசினிக்காரி
சுடுதண்ணில குழைச்சாத்தான் ரொட்டி மெதுவா வரும் எண்டு ஆருகா சொன்ன? பச்சத் தண்ணி போதும், தேங்காப்பூவக் கூடப் போட்டு பதினஞ்சு நிமிசம் மாவ ஊற விடோணும், அதுதான் விசயம். தம்பி நீங்களும் செமன் டின் தண்ணிய அப்பிடியே ஊத்தினா வெடுக்கு நாறும், வடிச்சிப் போட்டு முள்ள எடுத்து ரெண்டு உள்ளி தட்டிப் போடுங்க. ஆரும் சொதிய ஏன் சொல்லல்ல எண்டு எனக்கு விளங்கல்ல. இடியப்பத்த கடையில வாங்கினா சொதி பத்து நிமிச வேல. ரெண்டாம் தேங்காப்பால்ல வெங்காயம், பச்ச மிளகா, கறிவேப்பில, வெந்தயம், மஞ்சள் போட்டு அவிய விட்டு மறுகாதான் முதற்பால், அதுக்குப் பிறகு கைய எடுக்காம துழாவோணும், ஓரத்துல நுரைச்சிக்கிட்டு வாற நேரம் இறக்கிப் போடோணும், கொதிக்க விட்டா திரைஞ்சிரும். தேசிக்கா இறக்கி ஆறின பிறகுதான், அடுப்புல வெச்சிக்கிட்டு புளியாதீங்க. இத நான் படிச்சது மருமகன் முதல் தரம் வந்த அண்டைக்கு. அவசரத்துல புளிஞ்சிட்டன். புள்ள ஒரு கரண்டி ஊத்திப் பாத்துட்டு பவ்வியமாக் கேக்காரு, "முட்ட போட்ட சொதியா மாமி?" ஓம் மகன் எண்டுட்டன்.

சாய்ந்தமருது
ராத்தா சிரிச்சி வயிறு நோவுது. எங்கட வீட்ட நோன்புக்கு சஹர்ல புளியாணம்தான். புளியக் கரைச்சி மிளகு சீரகம் உள்ளி தட்டிப் போட்டு ஒரு கொதி, ராத்திரிச் சோறு இரிந்தா முடிஞ்சி. ஒருநாள் எல்லாரும் அயர்ந்துட்டம், பாங்குக்குப் பத்து நிமிசம் கூட இல்ல, கரண்டும் இல்ல. ஃபோன் லைட்டுல எல்லாரும் அவதி அவதியாத் திங்கம், வாப்பா ஆணமெண்டு நினைச்சி ஜக்குத் தண்ணிய சோத்துல ஊத்திப் பிசைஞ்சி மிச்சம் வைக்காமத் திண்டுட்டாரு. விடிஞ்ச பிறகுதான் "என்ன புள்ள, இண்டைக்கு ஆணத்துல உப்பில்லையே" எண்டாரு.

பழைய ஆள்
அடுப்பே மூட்டாத சாப்பாடு ஒண்டு சொல்றன். 1978ல மட்டக்களப்புப் பக்கம் அடிச்ச சூறாவளி, நவம்பர் 23 ராத்திரி. எனக்கு ஒம்பது வயசு. விடிய எழும்பிப் பாத்தா கூர இல்ல, வளவுல ஒரு தென்னையும் நிமிந்து நிக்கல்ல, விறகெல்லாம் ஊறிப் போய்க் கெடக்கு, அரிசி மூட்டைக்குள்ளயும் தண்ணி. அப்பா கோடாலிய எடுத்து விழுந்த மரத்துத் தலையக் கொத்தி குருத்த எடுத்து துண்டு துண்டா வெட்டித் தந்தாரு. வெள்ள வெளேரெண்டு, கடிச்சா நறுக்கெண்டு ஒரு இனிப்பு. நாங்க நாலு பேரும் அடிபட்டுத் திண்டம். அப்பா வாயில வைக்கல்ல, அந்த மரம் அவர் வெச்ச மரம். தென்னங்குருத்து எங்கயும் கண்டா நான் இப்பயும் வாங்கிறல்ல.

பாண்டிருப்புத் தம்பி
குசினிக்காரி அக்கா, டின் தண்ணிய வடிச்சா பிறகு ருசி எங்கால வாறது? அதுதானே குழம்பு. கல்லடி அக்கா, மாமா அந்த ரொட்டிய ஆருக்குக் கொண்டு போனாரு?

கல்லடிப் பொண்ணு
கேக்கல்ல தம்பி. இவரும் கேக்கல்ல. பிறகு ரெண்டு தரம் வந்தாரு, நான் ரெண்டு ரொட்டி கூடச் சுட்டு, மேசையில பழைய பேப்பர் ஒண்டும் வெச்சிட்டு குசினிக்குள்ள போயிட்டன். சுடுதண்ணிலதான் குழைச்சன், குசினிக்காரி அக்கா குறை நினைக்க வேணாம்.